கதாசிரியர் போட்ட கணக்கு

ஒன்பதாம் வகுப்பில் செயற்கைக்கோள்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் ஆர்தர் சி. கிளார்க்கின் பெயரைச் சொல்வேன். "விண்ணில் செயற்கைக்கோளே இல்லாத 1945-இல், அதன் வழியாக உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று எழுதிவிட்டார்" என்பேன். ஒருமுறை ஒரு மாணவி, "அவருக்கு ஜோசியம் தெரியுமா டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓர் அறிவியல் புனைகதை எழுத்தாளரைக் குறிசொல்பவராக்கியது நான்தானே!

மறுநாள் பாடத்தை வேறுவிதமாகத் தொடங்கினேன்.

கிளார்க் 1917-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். இரண்டாம் உலகப்போரின்போது விமானப்படையின் ரேடார் பிரிவில் பணியாற்றினார். 1945-இல் 'வயர்லெஸ் வேர்ல்டு' இதழில் அவர் எழுதியது கதையன்று, தொழில்நுட்பக் கட்டுரை. நிலநடுக்கோட்டுக்கு மேலே 24 மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும் நிலையம், கீழிருந்து பார்ப்பவருக்கு அசையாமல் நிற்பதுபோல் தெரியும். அத்தகைய மூன்று நிலையங்கள் உலகுக்கே போதும் என்று அதில் விளக்கினார்.

"எவ்வளவு உயரத்தில்?" என்று கேட்டுவிட்டு, கெப்ளரின் மூன்றாம் விதியைக் கரும்பலகையில் எழுதினேன். சுற்றுக்காலத்தின் இருமடி, தொலைவின் மும்மடிக்கு நேர்த்தகவில் இருக்கும். நிலவு ஏறத்தாழ 27 நாள்களில் நம்மைச் சுற்றுகிறது. 27-இன் இருமடி 729. 9-இன் மும்மடியும் 729! ஆகவே, ஒரு நாளில் சுற்றும் கோள், நிலவின் தொலைவில் ஒன்பதில் ஒரு பங்கில் இருக்க வேண்டும். 3,84,000 கி.மீ.யை 9-ஆல் வகுத்து, பூமியின் ஆரம் 6,400 கி.மீ.யைக் கழித்தார்கள். ஏறத்தாழ 36,300 கி.மீ. வந்தது. சரியான அளவு 35,786 கி.மீ. ஜோசியம் கேட்ட மாணவிதான் முதலில் விடை சொன்னாள்.

கிளார்க் தவறியதையும் சொன்னேன். அந்த நிலையங்களில் மனிதர்கள் தங்கியிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். பழுதாகும் வால்வுகளை யாராவது மாற்ற வேண்டுமே! பிறகு டிரான்சிஸ்டர் வந்தது. 1964-இல் ஆளில்லாத சின்காம்-3 அந்த இடத்தில் நிலைகொண்டது. ஊகம் பொய்த்தது, கணக்கு நின்றது.

1956-இல் இலங்கையில் குடியேறிய கிளார்க், 2008-இல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். 1979-இல் வெளிவந்த 'தி ஃபவுண்டன்ஸ் ஆஃப் பாரடைஸ்' நாவலில் பூமியிலிருந்து விண்ணுக்கு மின்தூக்கி அமைக்கிறார்கள். கதை நடக்கும் தீவு இலங்கையைப் போன்றதே. ஆனால் அதை நிலநடுக்கோட்டுக்கு நகர்த்தி வைத்தார். கதையிலும் இயற்பியலை அவர் மீறவில்லை.

இப்போது அறிவியல் கதை எழுதச் சொன்னால், ஒரு கணக்காவது அதில் இருக்க வேண்டும் என்கிறேன். நிலவில் பள்ளிக்கூடம் கட்டுகிறாயா? கட்டு. ஆனால் அங்கே ஒரு பகல் நமக்கு ஏறத்தாழ 14 நாள். கால அட்டவணையையும் நீயே போட்டுக் கொண்டு வா.