வாங்கும் கையும் கொடுக்கட்டும்

அன்புத் தம்பிக்கு,

காம்பார் வட்டாரத் தமிழ்ப்பள்ளியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே நன்னெறிக் கல்வியையும் பிள்ளைகளின் சமூகச் சேவையையும் உன் தலையில் கட்டிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய். புது ஆசிரியருக்கு அப்படித்தான் வந்து சேரும். மூத்தவர்கள் விரும்பி எடுக்காத வேலை அது. பணி ஓய்வுக்குப் பிறகும் நான் ஆசையோடு நினைத்துப் பார்க்கும் வேலையும் அதுதான். உன் வயதில் இன்னும் பலர் இருப்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதுகிறேன்.

நன்னெறிப் பாடத்தில் 14 நெறிகள். நன்மனம் அவற்றில் ஒன்று. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் பிள்ளைகள் ஒப்புவித்துவிடுவார்கள். முதியவர் சாலையைக் கடக்க என்ன செய்வாய் என்று தாளில் கேட்டால் எல்லாரும் சரியான விடைக்கே வட்டம் போடுவார்கள். அதில் உனக்குப் பெரிய வேலை இல்லை. காலையில் ஏழைப் பிள்ளைகளுக்கான ஆர்எம்டி இலவசச் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறானே, யாரோ கொடுத்த புத்தகப்பையை மாட்டிக்கொண்டு வருகிறானே, அவனைப் பார். தீபாவளிக்கு முந்திய வாரம் நன்கொடையாளர்கள் ஹேம்பரும் பதாகையுமாக வந்து இறங்குவார்கள். அவனை முன்னால் நிறுத்திப் படம் எடுப்பார்கள். பொழுது சாய்வதற்குள் அது வாட்சாப்பில் ஊரைச் சுற்றிவிடும். ஆறு ஆண்டுகள் வாங்குகிறவனாகவே நின்று வளர்கிற பிள்ளைக்கு, நன்மனம் என்றால் என்ன என்று நாம் பாடம் நடத்துகிறோம்!

இந்த இடத்தில் யூதப் பள்ளிகளிடம் கற்றுக்கொள்ள ஒரு விஷயம் இருக்கிறது. யூதர் என்றதும் நம் நாட்டில் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இன்றைய போர் அரசியலோடு இதைப் போட்டுக் குழப்பாதே. நான் சொல்வது 12ஆம் நூற்றாண்டுச் சங்கதி. எகிப்தில் மருத்துவராக இருந்த மைமோனிடிஸ் என்ற யூத அறிஞர், கொடுப்பதை எட்டுப் படிகளாகப் பிரித்தார். முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பது கடைசிப் படி. கேட்பதற்கு முன்பே கொடுப்பது அதைவிட மேல். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்று ஒருவருக்கொருவர் தெரியாமல் கொடுப்பது உச்சிக்கு ஒரு படி கீழே. உச்சிப் படி, கடன் கொடுத்தோ கூட்டாளியாகச் சேர்த்தோ வேலை தேடித் தந்தோ, ஒருவர் இனிக் கையேந்தத் தேவையில்லாதபடி செய்வது. யூதப் பள்ளிகளில் இன்றும் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். வெள்ளிக்கிழமை ஓய்வுநாள் தொடங்குமுன் உண்டியலில் காசு போடும் பழக்கமும் அவர்களிடம் உண்டு. மூடிய உண்டியல் என்பதால் யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாது.

எட்டுப் படிகளைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மைமோனிடிஸ் அவற்றை எழுதிய சட்ட நூலிலேயே உள்ள இன்னொரு விதி. தானம் வாங்கிப் பிழைக்கிற ஏழையும் தானம் கொடுத்தாக வேண்டும். முதலில் படித்தபோது இது என்ன கொடுமை என்றுதான் தோன்றியது. யோசித்தால் இதைவிடப் பெரிய மரியாதையை ஒரு ஏழைக்கு யாரும் தந்துவிட முடியாது. அவனும் கொடுக்க வல்லவன் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது.

கொல்கத்தாவில் 1881இல் தொடங்கிய யூதப் பெண்கள் பள்ளி ஒன்று இன்றும் நடக்கிறது. அந்நகரில் யூதர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள். தன் பிள்ளைகள் இல்லாமல் போன பிறகும் ஊரார் பிள்ளைகளுக்காகப் பள்ளியை மூடாமல் வைத்திருப்பதை எட்டில் எந்தப் படியில் சேர்ப்பது என்று நீயே சொல்.

வாங்குகிறவரே கொடுப்பது நமக்குப் புதிதும் அல்ல. ஐம்பதுகளின் பிற்பகுதியில் வெள்ளைக்காரத் துரைமார்கள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்கத் தொடங்கியபோது நம் சனம் வேலையும் வீடும் இழந்து தவித்தது. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டம் தோட்டமாகப் போனார். தொழிலாளர்களே கூடித் தோட்டத்தை வாங்க நூறு வெள்ளிப் பங்கு, மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம். பால்மரம் வெட்டிய பெண்களும் அந்தப் பத்து வெள்ளியைக் கட்டினார்கள். சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவில் உள்ள புக்கிட் சீடிம். யாரும் ஹேம்பர் கொடுக்கவில்லை. வாங்கும் நிலையில் இருந்தவர்களே கொடுத்தார்கள். நன்னெறி வகுப்பில் இந்தக் கதையைச் சொல். பிள்ளைகளின் தாத்தா பாட்டியைக் கேட்டால் பழைய பங்குப் பத்திரம்கூடக் கிடைக்கலாம்.

ஈப்போவுக்குத் தெற்கே உள்ள பாப்பானுக்கும் பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிப் போ. ஜப்பானியர் காலத்தில் சிபில் கார்த்திகேசு அங்கே 74ஆம் எண் வீட்டில் இருந்துகொண்டு, காட்டுக்குள்ளிருந்து வந்த கெரில்லாக்களுக்கு இரகசியமாக மருந்து கட்டினார். 1943இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார், 1948இல் இறந்தார். பேரா மாநிலத்தில் வாழ்ந்தவர் என்பதால் பிள்ளைகளுக்கு நெருக்கமாக இருக்கும்.

சரி, பி40 எனப்படும் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை எதைக் கொடுப்பான்? காசு கேட்காதே. அவனிடம் மலாய் வாசிக்கத் தெரிகிற கண் இருக்கிறது. நம் பாட்டிகளில் எத்தனை பேருக்குக் கிளினிக் அட்டையில் உள்ள தேதி புரிகிறது? டிஎன்பி மின்சார பில் எதற்கு ஏறியது என்று தெரிகிறது? பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு வாரம் ஒருமுறை கடிதம் வாசித்துச் சொல்வதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்கு வேலையாகக் கொடு. ஆறாம் ஆண்டுப் பிள்ளை, எழுத்துக் கூட்டத் தடுமாறும் முதலாம் ஆண்டுப் பிள்ளையோடு இடைவேளையில் உட்காரட்டும். புதுக்கிராமத்தில் தனியாக இருக்கும் சீனத் தாத்தாவுக்கு மார்க்கெட் சாமானைத் தூக்கிக் கொடுக்க மொழி வேண்டியதில்லை. ஆர்எம்டி வரிசையில் நிற்கிறவனையே இந்தக் குழுவுக்குத் தலைவனாகப் போடு. பரிதாபப்பட்டுப் போடாதே; அடுத்தவர் தேவை என்ன என்று அவனுக்குத்தான் சீக்கிரம் புரியும்.

இதற்குப் புறப்பாடப் புள்ளி கிடைக்குமா, நற்சான்றிதழ் உண்டா என்று பெற்றோர் கேட்பார்கள். கிடைத்தால் வாங்கிக்கொள், தவறில்லை. ஆனால் புள்ளிக்காக மணிநேரத்தைக் கணக்குப் பார்க்க ஆரம்பித்தால், பிள்ளைகள் பாட்டியைப் பார்க்காமல் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். கடற்கரையில் குப்பை பொறுக்கப் போய்ப் பாதி நேரம் படம் எடுப்பதைப் போன்ற சேவையை நான் சேவையென்றே ஒப்புக்கொள்வதில்லை.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலும் தலைமையாசிரியரிடமும் இப்போதே பேசு. இந்த ஆண்டு தீபாவளி உதவி வகுப்பறையில் வைத்துக் கொடுக்கப்படட்டும், சபைகூடலில் வேண்டாம். பெயர் கூப்பிட வேண்டாம், படம் வேண்டாம். நன்கொடையாளர் வருத்தப்பட்டால் அவருக்கு நன்றிக் கடிதம் எழுத நீ பொறுப்பெடுத்துக்கொள்.