கொச்சிக் கிடங்குகளில் கலை பார்க்க: திருச்சிக்காரர்களுக்குச் சில குறிப்புகள்

மிளகும் இஞ்சியும் கயிறும் அடுக்கியிருந்த ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிக் கிடங்குகளில் இப்போதெல்லாம் கொச்சி-முசிறி பினாலே நடக்கிறது. 2012 டிசம்பர் 12இல் தொடங்கிய சமகாலக் கலைக் கண்காட்சி இது. பெரும்பாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, டிசம்பர் முதல் மார்ச் வரை. இடைக்காலத்தில் போனால் பல கிடங்குகள் பூட்டிக் கிடக்கும். தேதியை உறுதிசெய்த பிறகே டிக்கெட் எடுங்கள்.

காரைக்கால் - எர்ணாகுளம் ரயில் இரவில் திருச்சி வழியே போகிறது. ஸ்ரீரங்கத்துக்காரர்கள் ஜங்ஷனுக்கு வந்துதான் ஏற வேண்டும். எர்ணாகுளத்திலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் படகில் போங்கள். செலவும் குறைவு, பாலத்து நெரிசலும் இல்லை.

கலைக்கூடம் என்றதும் ஏசியை எதிர்பார்க்க வேண்டாம். 1867இல் தொடங்கிய வணிக நிறுவனத்தின் ஆஸ்பின்வால் ஹவுஸ் போன்ற கட்டடங்களில் ஓட்டுக்கூரையும் கடற்புழுக்கமும்தான். பருத்தி உடை, தண்ணீர் பாட்டில், நடக்கத் தோதான செருப்பு போதும். அரங்குகள் முறைக்கு முறை மாறும் என்பதால் வரைபடம் வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைப்பது வீண். காலையில் ஒரு கிடங்கு, வெயில் தாழ்ந்ததும் இன்னொன்று. முதலில் படைப்பைப் பாருங்கள், விளக்க அட்டையைப் பிறகு படிக்கலாம் (அட்டைகள் சில சமயம் படைப்பைவிடப் புரியாது!). இருட்டறைப் படங்களுக்குப் பத்து நிமிடமாவது உட்காருங்கள். நடுவே பெப்பர் ஹவுஸ் என்ற பழைய கிடங்கின் முற்றத்தில் காபி.

நேரமிருந்தால் ஆட்டோக்காரரிடம் 'தோபி கானா' என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டிலிருந்து தலைமுறைகளுக்கு முன் வந்த சலவைத் தொழிலாளர் குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. படம் எடுக்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், தமிழிலேயே கேட்கலாம்.