தசைச் சிதைவு நோய்: வகை அறிந்து வழி காண்போம்

தரையில் அமர்ந்திருக்கும் ஐந்து வயதுச் சிறுவன் எழ முயல்கின்றான். முதலில் குப்புறத் திரும்பிக் கைகளை ஊன்றுகின்றான். பின்னர் முழங்காலிலும் தொடையிலும் கைவைத்து மெல்ல நிமிர்கின்றான். பேருந்துப் படி ஏற அவனால் இயலவில்லை. ஓடினால் அடிக்கடி விழுகின்றான். கெண்டைக்கால் பருத்திருப்பதைக் கண்ட வீட்டார், "பிள்ளை வலுவாகத்தானே இருக்கின்றான், எல்லாம் சோம்பல்" என்று கடிந்து கொள்கின்றனர். இவை தசைச் சிதைவு நோயின் அறிகுறிகளாக இருக்கக்கூடும் என்பதை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மரபணுக் குறையால் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் பல நோய்களுக்குத் தசைச் சிதைவு என்பது பொதுப்பெயர். வகைக்கு வகை தொடங்கும் வயதும், போக்கும், குடும்பத்தில் தொடரும் முறையும் வேறுபடும். அவற்றுள் முக்கியமானவற்றைக் காண்போம்.

டுஷேன் வகை: 1860களில் இதனை விரிவாக விளக்கிய பிரெஞ்சு மருத்துவரின் பெயரால் வழங்குவது. பெரும்பாலும் ஆண் குழந்தைகளையே தாக்கும். தசை நாரைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உடலில் உண்டாகாமையே காரணம். மூன்று முதல் ஐந்து வயதிற்குள் அறிகுறிகள் புலப்படும். 12 வயதளவில் பலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும். பின்னர் இதயமும் மூச்சுத் தசைகளும் தளரும்.

பெக்கர் வகை: அதே மரபணுவின் குறைதான். எனினும் புரதம் ஓரளவு உண்டாவதால் நோய் தாமதமாகத் தோன்றி மெல்ல வளரும். நடை நன்றாக இருக்கும்போதே இதயம் பாதிக்கப்படலாம்.

இடுப்பு, தோள் வகை: ஆண், பெண் இருபாலருக்கும் வரும். மாடிப்படி ஏறுவதும், கையை உயர்த்திப் பரண்மீது பொருள் வைப்பதும் கடினமாகும்.

முகம், தோள்பட்டை வகை: கண்களை இறுக மூடவும், சீழ்க்கை அடிக்கவும் இயலாமை தொடக்க அறிகுறி.

மயோடோனிக் வகை: இறுகப் பற்றிய கையை உடனே விடுவிக்க இயலாது. இளவயதிலேயே கண்புரையும், இதயத் துடிப்பில் கோளாறும் உண்டாகலாம்.

பிறவி வகை: பிறந்த சில மாதங்களிலேயே குழந்தை துவண்டு காணப்படும்.

இனி, நம் குடும்பங்கள் கருத்தில் கொள்ள வேண்டியதொன்று. நம் சமூகம் சிறியது. அத்தை மகன், மாமன் மகள் என உறவிலேயே பெண் கொடுத்துக் கொள்வதும் உண்டு. இடுப்பு, தோள் வகையுள் பெரும்பாலானவை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் குறையுள்ள மரபணு வந்து சேர்ந்தால் மட்டுமே தோன்றும். அவ்விருவரும் நலமாகவே இருப்பர். ஆயினும் ஒவ்வொரு மகப்பேற்றிலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. உறவு மணம் இவ்வாய்ப்பினை மிகுவிக்கும். டுஷேன் வகைக்கோ உறவு மணம் காரணமாகாது. அது தாய்வழி வரும்; ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குத் தாயிடம் குறையின்றியே புதிதாகத் தோன்றும். எனவே மருமகளைக் குறை கூறுதல் அறியாமையாகும். குறையுள்ள மரபணுவைத் தாங்கும் தாய்மாரும் தம் இதயத்தைப் பரிசோதித்துக் கொள்ளுதல் நலம்.

முதற்படி எளிய இரத்தப் பரிசோதனையே. கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி டுஷேன் வகையில் மிக அதிகமாக இருக்கும். தசை சிதைவதால் கல்லீரல் பரிசோதனை அளவுகளும் உயர்ந்து, மஞ்சள் காமாலை என மயங்குவதுண்டு. வகையை உறுதி செய்வது மரபணுப் பரிசோதனை. கடலூர் அரசு தலைமை மருத்துவமனையிலோ, 1985இல் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கப்பெற்று இன்று அரசுக் கல்லூரியாக விளங்கும் சிதம்பரம் அண்ணாமலை நகர் மருத்துவமனையிலோ முதலில் காட்டலாம். மேல் ஆய்வுக்குப் புதுச்சேரி ஜிப்மர் அண்மையில் உள்ளது.

நோயை அறவே நீக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆயினும் டுஷேன் வகையில் ஸ்டீராய்டு மருந்து நடைக்காலத்தை நீட்டிக்கும். இயன்முறைப் பயிற்சியும், இதயம், மூச்சு ஆகியவற்றின் கண்காணிப்பும் ஆயுளைக் கூட்டும். எந்த அறுவை சிகிச்சைக்கு முன்பும் மயக்க மருந்து தருபவரிடம் நோயின் பெயரைத் தவறாது கூற வேண்டும். சில மயக்க மருந்துகள் உயிருக்கே ஆபத்தாகும்.

"முட்டையும் மாமிசச் சாறும் கொடுத்தால் சதை பிடிக்கும்" என்று அயலார் கூறக் கேட்டு மனம் கலங்கும் பெற்றோர் உண்டு. இக்குறை மரபணுவில் உள்ளது, உணவில் இல்லை. பருப்பும் பாலும் கீரையும் கொண்ட நம் உணவே போதும். உடல் எடை மிகாமல் காத்தலே முக்கியம்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இந்நோயைத் தன் பட்டியலில் சேர்த்துள்ளது. கடலூரில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும், மாதாந்தர உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம்.

நம் வீட்டுப் பிள்ளை எழும்போது தொடையில் கை ஊன்றுகின்றானா என்று இன்றே கவனிப்போம். ஐயம் எழுந்தால், கடிந்து கொள்ளாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்வோம்.