கற்றதைக் காக்கும் வழிகள்
(மாணவர்க்கும் பெற்றோர்க்கும் உரிய பாடம்)

கல்விக்கு இரு கூறுகள் உண்டு. ஒன்று கொள்ளுதல், மற்றொன்று கொண்டதைக் காத்தல். நம் பிள்ளைகள் கொள்ளுவதில் குறைந்தவர்கள் அல்லர். பள்ளியிலும் தனிப்பயிற்சியிலும் நாள்தோறும் எவ்வளவோ கொள்கின்றனர். ஆயினும் தேர்வு முடிந்த மறுவாரம் கேட்டால் பாதி மறந்திருக்கிறது. "என் பிள்ளைக்கு ஞாபகசக்தி குறைவு" என்று தாய்மார்கள் வருந்துகிறார்கள். நினைவாற்றல் பிறவியிலேயே அளந்து தரப்பட்ட பொருளன்று. அது பழக்கத்தால் வளர்வது. முறையறிந்து பழகுவோர்க்கு விரைவில் வளர்வது.

இச்செய்தி சமண மக்களாகிய நமக்குப் புதிதன்று. பகவான் மகாவீரரின் அருளுரைகள் நெடுங்காலம் ஏட்டில் எழுதப்படாமல், ஆசிரியர் நாவிலிருந்து மாணாக்கர் செவிக்கு வந்தவை. காலம் செல்லச் செல்ல நினைவு குன்றி, அங்க நூல்கள் ஒவ்வொன்றாக மறையலாயின. எஞ்சியதையேனும் காக்க எண்ணிய தரசேனாசாரியார், கிர்நார் மலைக்குத் தெற்கிலிருந்து இரு முனிவர்களை வரவழைத்தார் என்பது நம் மரபு. அவர்களைச் சோதிக்க ஒருவருக்கு ஓரெழுத்து மிகையான மந்திரத்தையும், மற்றவருக்கு ஓரெழுத்துக் குறைவான மந்திரத்தையும் கொடுத்தார். இருவரும் பிழையைத் தாமே உணர்ந்து திருத்திய பின்னரே பாடம் தொடங்கினார். அவ்விருவரே புஷ்பதந்தரும் பூதபலியும். அவர்கள் இயற்றியது ஷட்கண்டாகமம். அந்நூல் நிறைவுற்ற நாளையே சுருத பஞ்சமியாகக் கொண்டாடுகிறோம். பொருளுணராமல் ஒப்பிப்பவனால் பிழையைக் கண்டுபிடிக்க இயலாது. ஆதலின் நினைவின் முதற்படி பொருளுணர்தலே ஆகும்.

நன்னூலார் வகுத்த முறை

பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளால் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் நம் சமயத்தவர். அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கன் கற்கும் முறையைத் தெளிவாக வகுத்துள்ளார். பாடத்தைப் போற்றுதல், கேட்டவற்றை மீண்டும் நினைத்தல், ஆசிரியரை அடுத்துக் கேட்டல், உடன் கற்போருடன் பழகுதல், வினாவுதல், பிறர் வினாவியதற்கு விடை கூறுதல் ஆகியவை அவற்றுள் அடங்கும். ஒருமுறை கேட்டதை மறுமுறையும் கேட்டால் பிழை குறையும். மூன்றாம் முறை கேட்டால் தானே முறையாக எடுத்துரைக்கலாம் என்பதும் அவர் கருத்து.

அதனினும் வியக்கத்தக்கது அவர் காட்டும் கணக்கு. ஆசிரியர் சொன்னதை நன்றாகவே உள்வாங்கிக் கொண்டாலும் புலமையில் காற்பங்கே கிட்டும். உடன் பயில்வோருடன் பழகுவதால் இன்னொரு காற்பங்கு. எஞ்சிய அரைப்பங்கோ, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைப்பதால் வருவது.

மேலைநாட்டார் ஆராய்ச்சியும் இதற்கு அரண் செய்கிறது. ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ், பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து சோதித்து, 1885இல் நூலாக வெளியிட்டார். கற்ற சில மணி நேரத்திலேயே பெரும்பகுதி மறந்துவிடுகிறது. பின்னர் மறதியின் வேகம் தணிகிறது என்று அவர் கண்டார். 2006இல் அமெரிக்க உளவியலார் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களைக் கொண்டு சோதனை செய்தனர். பாடத்தை மீண்டும் மீண்டும் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துவிட்டுப் பாராமல் நினைவுகூர்ந்தவர்களே ஒரு வாரத்துக்குப் பின்னர் மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர். நன்னூலார் கேட்டவற்றை நினைக்கச் சொன்னதும் இதுவே.

ஆகவே புத்தகத்தை மூடிவிட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். படித்த அன்றிரவு ஒருமுறை, மறுநாள் ஒருமுறை, ஏழாம் நாள் ஒருமுறை என நினைவுகூர வேண்டும். அதன்பின் அட்டமி, சதுர்த்தசி நாள்களை அதற்கெனக் கொள்ளலாம். நோன்பு நாள் நினைவுக்கும் நாளாகட்டும்.

மலைப்பாதை என்னும் ஏடு

வரிசையாக நினைவில் நிற்க வேண்டியவற்றை, நன்கு பழகிய ஒரு வழியின் இடங்களோடு பொருத்திக்கொள்வது மற்றொரு முறை. பழங்காலக் கிரேக்க, ரோமானிய நாவலர்கள் இதைக் கையாண்டனர். கோடை விடுமுறையில் நம் குடும்பத்தினர் பலர் கொடைக்கானல் செல்வதுண்டு. வத்தலக்குண்டிலிருந்து மலையேறும் அப்பாதையையே ஏடாகக் கொண்டு ஏழு தத்துவங்களைப் பதிப்போம்.

1. காமக்காபட்டி: இங்கு மலைப்பாதை தொடங்குகிறது. மரமும் பறவையும் குரங்கும் கண்முன் வருகின்றன. இது உயிர்.

2. டம் டம் பாறை: தலையாற்று அருவியைத் தொலைவிலிருந்து காணும் இடம். 297 மீட்டர் உயரத்திலிருந்து அவ்வருவி வீழ்கிறது. நாம் நினைவில் கொள்ள வேண்டியது காலடியில் இருக்கும் பாறையை. இது உயிரல்லது.

3. ஊத்து: ஊர்ப்பெயரே தத்துவத்தின் பெயர். வினைகள் உயிருக்குள் சுரந்து வருதல். இது ஊற்று.

4. ஊத்துக்கும் பெருமாள்மலைக்கும் இடைப்பட்ட தோட்டப்பகுதி: மலைவாழைத் தார்களைக் கயிற்றால் இறுகக் கட்டுவதாக எண்ணிக் கொள்க. வந்த வினை உயிரோடு பிணைதல். இது கட்டு.

5. பெருமாள்மலை: குளிர் தாக்குகிறது. பேருந்தின் கண்ணாடிச் சன்னல்களை எல்லோரும் அடைக்கிறார்கள். புதுவினை புகாமல் தடுத்தல். இது செறிப்பு.

6. வெள்ளி அருவி: கொடைக்கானலுக்கு 8 கிலோமீட்டர் முன்னதாகச் சாலையோரத்தில் நீர் உதிர்ந்து விழுகிறது. பழவினை உதிர்தல். இது உதிர்ப்பு.

7. கொடைக்கானல் ஏரி: 1863இல் லெவிஞ்சு என்னும் ஆங்கில அதிகாரி அமைத்தது. ஏற்றம் முடிந்தது, நீர் அசைவின்றி நிற்கிறது. இது வீடு.

ஜீவம், அஜீவம், ஆஸ்ரவம், பந்தம், ஸம்வரம், நிர்ஜரை, மோட்சம் என்னும் வடசொற்களையும் அதே இடங்களில் வைத்துக்கொள்ளலாம். இருமுறை மனத்தால் அப்பாதையில் பயணம் செய்த குழந்தை வரிசை பிறழாது. மலையைக் காணாத பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து ஜினாலயம் வரையுள்ள தெருவே போதும்.

பகுத்தலும் படமாக்கலும்

இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களின் பெயர்களை ஒரே மூச்சில் ஒப்பிக்கச் சொல்வது குழந்தைக்குச் சுமை. நான்கு நான்காக ஆறு பகுதிகளாக்கி, நாளுக்கு ஒரு பகுதி தருக. இலாஞ்சனங்களைச் சேர்த்துப் படமாகக் காட்டுக. ரிஷபருக்கு எருது, அஜிதருக்கு யானை, சம்பவருக்குக் குதிரை, அபிநந்தனருக்குக் குரங்கு. எருதின் பின்னே யானை, யானையின் பின்னே குதிரை, குதிரையின் முதுகில் குரங்கு என்று ஊர்வலம் விட்டால் குழந்தை சிரிக்கும், சிரித்தது மறவாது. பத்மப்பிரபருக்குத் தாமரை, சந்திரப்பிரபருக்குப் பிறை என்பன பெயரிலேயே விளங்கும். பன்னிரு அனுப்பிரேட்சைகளின் எண்ணிக்கையை, அம்மலைகளில் பன்னீராண்டுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியோடு பொருத்தலாம். 2006இலும் 2018இலும் அது பூத்தது.

கண்ணின் துணையின்றியே செவிவழிக் கல்வியால் உயர்ந்தவர் பழனியில் ஒருவர் இருந்தார். இளமையில் அம்மை நோயால் பார்வையிழந்த மாம்பழக் கவிச்சிங்க நாவலர் (1836 - 1884) கேட்டே கற்று, இராமநாதபுரம் அரசவை போற்றும் புலவரானார். ஏட்டைக் காணாதவரே இவ்வளவு காத்தார் எனில், எல்லா வசதியும் பெற்ற நாம் மனம் தளரலாமா?

நினைவு எதற்காக?

குஜராத்தில் 1867இல் பிறந்த ஸ்ரீமத் ராஜசந்திரர், பத்தொன்பது வயதில் பம்பாயில் சதாவதானம் செய்து காட்டினார். 1891இல் அவரைச் சந்தித்த காந்தியடிகள், தாமறிந்த ஐரோப்பியச் சொற்களையெல்லாம் கூறி முடித்தார். அவர் அவற்றை அதே வரிசையில் திருப்பிச் சொன்னதைத் தம் சுயசரிதையில் குறித்துள்ளார். அத்தகையவர், வியப்பூட்டும் காட்சிகள் ஆன்ம வளர்ச்சிக்குத் தடையெனக் கண்டு அவற்றைக் கைவிட்டார். நினைவாற்றல் செருக்குக்குரியது அன்று, பாதுகாக்கும் கடமைக்குரியது.

பழனிக்கு மேற்கே கொழுமம் சாலையில் உள்ள ஐவர்மலைக்குக் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். திருவயிரை எனப் பழங்காலத்தில் வழங்கிய அக்குன்றில், சக ஆண்டு 792 (கி.பி. 870), பாண்டியன் இரண்டாம் வரகுணனின் எட்டாம் ஆட்சியாண்டில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. குணவீரக்குரவடிகளின் மாணாக்கர் சாந்திவீரக்குரவர், பார்சுவநாதர் திருமேனியையும் இயக்கியர் திருமேனிகளையும் புதுக்கினார்; வழிபாட்டுக்கும் ஓர் அடிகளின் உணவுக்குமாக 505 காணம் பொன் அமைத்தார் என்று அது கூறுகிறது. அவர் செய்தது புதிய படைப்பு அன்று, மங்கியதைப் புதுக்கிய பணி. அதனால்தான் ஆசிரியர் பெயரும் மாணாக்கர் பெயரும் ஆயிரத்து நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்து நிற்கின்றன.

கல்லைப் புதுக்குவோர் இருக்கலாம். நெஞ்சில் உள்ளதைப் புதுக்குவோர் அருகி வருகின்றனர். வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் வட்டாரச் சிற்றூர்களை விட்டு நம் இளையோர் நகரங்களிலும் வெளிநாடுகளிலும் வாழ்கின்றனர். பாட்டிமார் அறிந்த தோத்திரங்களும், ஊற்று, செறிப்பு, உதிர்ப்பு போன்ற நம் தமிழ்ச் சொற்களும் அவர்களோடு மறைந்துவிடக் கூடாது. எழுதி வைத்தல் நன்று. ஒலிப்பதிவு செய்தலும் நன்று. ஆயினும் வாயாலும் செவியாலும் வழங்காதது வாழ்வதில்லை.

ஆதலின் ஒவ்வோர் இல்லத்திலும் வாரம் ஒருநாள், மாலை உணவுக்குப் பின் கால்மணி நேரம் ஒதுக்குங்கள். பாட்டியார் ஒன்று சொல்லட்டும், பேரக்குழந்தை கேட்கட்டும். மறுவாரம் குழந்தை ஆசிரியராகட்டும். பாட்டியார் மாணாக்கர் ஆகட்டும். முதியோர்க்கு நினைவு மழுங்காதிருக்க அது துணை. இளையோர்க்கு அதுவே நன்னூலார் கூறிய அரைப்பங்கு. வரும் சுருத பஞ்சமிக்குள் ஒரு குழந்தை ஏழு தத்துவங்களையும் பொருளோடு சொல்லுமாயின், இப்பாடம் தன் பயனைப் பெற்றதாகும்.

அறம் வளர்க!