எட்டுப் புள்ளி எங்கிருந்து வந்தது?

என் சித்தி மகளுக்குப் போன வருஷம் பெண் குழந்தை பிறந்தது. சிசேரியன். இரண்டு நாளாகியும் பால் சரியாகச் சுரக்கவில்லை. குழந்தையின் எடை இறங்கவும், கொஞ்ச நாளைக்குப் புட்டிப்பால் மாவும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். அன்று ராத்திரி அவள் போனை என்னிடம் நீட்டினாள். உறவுக்காரர் ஒருவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி. தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு ஐக்யூ 8 புள்ளி கூடுமாம். “அக்கா, பவுடர் பால் குடுத்தா எம் புள்ளைக்கு மூளை கம்மியாயிடுமா?” என்று கேட்டாள். தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் கேட்டாள். அந்தக் கேள்விக்குத்தான் இந்த வாரப் பகுதி.

நம்பிக்கை: தாய்ப்பால் குடித்தால் ஐக்யூ 8 புள்ளி கூடும்

இந்த எட்டு யாரோ கற்பனையில் எழுதியதல்ல. 1992இல் ‘லான்செட்’ இதழில் ஆலன் லூகாஸ் என்ற பிரிட்டன் மருத்துவரும் அவருடைய குழுவும் வெளியிட்ட ஆய்வில் 8.3 என்ற எண் இருக்கிறது. ஆனால் அதில் இருந்தவை குறைமாதத்தில், 1,850 கிராமுக்கும் குறைவான எடையில் பிறந்த சுமார் 300 குழந்தைகள். சப்பிக் குடிக்கத் தெம்பில்லாமல் மூக்கு வழியே குழாயில் பால் ஏற்றப்பட்டவர்கள். ஏழரை, எட்டு வயதில் சோதித்தபோது, தாய்ப்பால் கிடைத்த பிள்ளைகள் அந்த அளவுக்கு முன்னே இருந்தார்கள். மூளை அவசரமாக வளரும் கடைசி மாதங்களைக் கருவறைக்கு வெளியே கழித்த பிள்ளைகள் அவர்கள். நிறைமாதத்தில் மூன்று கிலோவோடு பிறந்த குழந்தைக்கு அந்த எண்ணை அப்படியே தூக்கிப் பொருத்த முடியாது. செய்தி கைமாறிக் கைமாறி வந்ததில் ‘குறைமாதம்’ என்ற சொல் விழுந்துவிட்டது, எட்டு மட்டும் தங்கிவிட்டது.

நிறைமாதக் குழந்தைகளின் கதை வேறு. அவர்களிலும் தாய்ப்பால் குடித்தவர்கள் அறிவுச் சோதனைகளில் சற்று முந்துகிறார்கள் என்பதை 1929இலேயே சிகாகோ குழந்தைகளை வைத்து எழுதியிருக்கிறார்கள். பார்த்தது பொய்யில்லை. ஆனால் பால் கொடுத்தது யார் என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் அதிகம் படித்த, வசதியான தாய்மார்தான் அதிக நாள் பால் கொடுத்து வந்தார்கள். அந்த வீட்டில் புத்தகம் இருக்கும், பிள்ளையோடு உட்கார்ந்து பேச நேரமும் இருக்கும். முந்தவைத்தது பாலா, வீடா?

2006இல் ஜெஃப் டெர் குழுவினர் அமெரிக்காவில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் விவரங்களை எடுத்து, தாயின் ஐக்யூவையும் கணக்கில் சேர்த்தார்கள். நான்கு புள்ளியாகத் தெரிந்த வித்தியாசம் ஏறக்குறைய அரைப் புள்ளியாகச் சுருங்கியது. ஒரே தாய்க்குப் பிறந்து, ஒன்று தாய்ப்பாலிலும் ஒன்று புட்டிப்பாலிலும் வளர்ந்த பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். அங்கேயும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை.

அப்படியானால் ஒன்றுமே இல்லை என்று முடித்துவிடலாமா? கூடாது. பிரேசிலில் பெலோட்டாஸ் என்ற ஊரில் 1982இல் பிறந்த குழந்தைகளை முப்பது வயது வரை தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். அந்த ஊரில் அப்போது ஏழை, பணக்காரர் என்ற பேதம் பால் கொடுப்பதில் பெரிதாக இல்லை. அதனால்தான் இந்த ஆய்வுக்கு மதிப்பு. ஒரு மாதத்துக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட, ஒரு வருஷமோ அதற்கு மேலோ குடித்தவர்களின் ஐக்யூ சராசரியாக 3.76 புள்ளி கூடுதலாக இருந்தது. தாயின் படிப்பைக் கணக்கில் எடுத்தவர்கள் தாயின் ஐக்யூவை அளக்கவில்லை. அந்த ஓட்டை அடைபடவில்லை.

எனக்கு அதிகம் நம்பிக்கை தருவது பெலாருஸில் நடந்தது. ‘நீ பால் கொடு, நீ கொடுக்காதே’ என்று தாய்மாரைச் சீட்டுக் குலுக்கிப் பிரிக்க முடியாது, அது அநியாயம். மைக்கேல் கிராமர் தலைமையிலான குழு தாய்மாரை விட்டுவிட்டு மருத்துவமனைகளைப் பிரித்தது. 1996, 97இல் 31 பிரசவ மருத்துவமனைகள், 17,046 குழந்தைகள். ஒரு பாதி மருத்துவமனைகளில் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, தாய்மார் தொடர்ந்து பால் கொடுக்கக் கூடுதல் உதவி செய்தார்கள். மறு பாதியில் வழக்கம்போல. மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்தவர்கள் முதல் பக்கம் 43 சதவீதம், மறு பக்கம் 6 சதவீதம்.

ஆறரை வயதில் சோதித்தபோது மொழித்திறனில் ஏழரைப் புள்ளி வித்தியாசம் வந்தது. உலகம் முழுக்கச் செய்தியானது இதுதான். ஆனால் சோதித்த டாக்டர்களுக்கு எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியும். தெரிந்தால், நம்மை அறியாமலே கை ஒரு பக்கம் சாயும். பதினாறு வயதில் கம்ப்யூட்டரை வைத்துச் சோதித்தார்கள். மொழித்திறனில் 1.4 புள்ளி மிஞ்சியது. மற்றத் திறன்களில் குறிப்பிடும்படி எதுவும் இல்லை. இங்கே இன்னொன்றும் இருக்கிறது. இந்தக் குழந்தைகள் எல்லாருமே தாய்ப்பாலில் தொடங்கியவர்கள்தான். ஆகவே இது அதிகம் குடித்தவர்களுக்கும் குறைவாகக் குடித்தவர்களுக்கும் உள்ள வித்தியாசம், குடித்தவர்களுக்கும் குடிக்காதவர்களுக்கும் உள்ளது அல்ல.

எல்லாவற்றையும் படித்த பிறகு என் முடிவு: சின்னதாக ஒரு பலன் இருக்கலாம், ஒன்றிலிருந்து மூன்று புள்ளி. சராசரி 100 என்று வைத்து அளக்கும் சோதனை அது. ஒரே பிள்ளையை வேறொரு நாள் உட்காரவைத்தால் இதைவிட அதிகமாக ஏறி இறங்கும்.

நம்பிக்கை: சேனை தொட்டு வைப்பவரின் அறிவு பிள்ளைக்கு வரும்

ஞானம் பாலோடு வரும் என்ற எண்ணம் நமக்குள் ஆழமாக ஊறியது. சீர்காழியில் மூன்று வயதுப் பிள்ளை சம்பந்தருக்கு உமையம்மை ஞானப்பால் கொடுத்ததை இன்றும் சித்திரையில் திருவிழாவாகக் கொண்டாடுகிறோம். பிறந்த குழந்தையின் நாக்கில் குடும்பத்தில் கெட்டிக்காரர் ஒருவர் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் சேனையும் அந்த ஆசையின் இன்னொரு வடிவம்தான். ஆசையில் தப்பில்லை, ஆனால் அந்த விரல் வேண்டாம். கிருமி போகும், குழந்தை மார்பைத் தேடுவதும் தள்ளிப்போகும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் போக வேண்டியது சீம்பால். மஞ்சளாக, பிசுபிசுப்பாக, சில சொட்டுத்தான் வரும். ‘கெட்டுப்போன பால்’ என்று பீய்ச்சிக் கீழே விட்ட காலம் உண்டு. குழந்தையின் குடலைக் காக்கும் நோய் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருப்பது அந்தச் சொட்டுகளில்தான்.

நம்பிக்கை: அம்மா எதைச் சாப்பிட்டாலும் பால் சரியாகவே இருக்கும்

பெருமளவுக்கு உண்மை. ஆனால் மூளை விஷயத்தில் ஒரு விலக்கு இருக்கிறது, அதைத்தான் நாம் பேசுவதே இல்லை. பி12 வைட்டமின் பால், முட்டை, மீன், கறியில்தான் கிடைக்கும். தாய்க்கே அது தட்டுப்பாடு என்றால் பாலிலும் போதுமான அளவு இருக்காது. ஆறு மாதத்துக்கு மேல், வெறும் தாய்ப்பாலில் கொழுகொழுவென்று இருக்கும் பிள்ளை, சிரிப்பதை நிறுத்தும், நின்ற தலை சாயும், கை நடுங்கும். இந்திய மருத்துவர்கள் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதிவரும் நோய் இது. பி12 கொடுத்தால் பெரும்பாலும் பிள்ளை மீளும், தாமதித்தால் அறிவு வளர்ச்சி பின்தங்கிவிடும். அயோடினும் இப்படித்தான், தாயிடம் குறைந்தால் பாலிலும் குறையும்.

பத்தியம் என்று சொல்லி, பிள்ளை பெற்றவளை மிளகு ரசத்திலும் சுட்ட அப்பளத்திலும் நிறுத்தும் வீடுகளை எனக்குத் தெரியும். சுறாப்புட்டும் பூண்டுக் குழம்பும் வைக்கும் வீடுகளையும் தெரியும். பிள்ளையின் மூளையைப் பற்றிக் கவலைப்படும் பாட்டிமார் அவளுடைய தட்டில் தயிரும் முட்டையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆறு மாதம் முடிந்ததும் பிள்ளைக்கும் பருப்பு, கீரை, முட்டை என்று ஆரம்பியுங்கள். தாய்ப்பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு, பிறக்கும்போது உடம்பில் சேர்த்துவைத்திருந்த இருப்பு அதற்குள் தீர்ந்திருக்கும்.

பால்மாவு டின்னில் ‘மூளை வளர்ச்சிக்கு’ என்று சேர்க்கும் டிஎச்ஏ கொழுப்பைப் பற்றியும் ஒரு வரி. நிறைமாதக் குழந்தைகளின் அறிவில் அது தெளிவான பலன் தந்ததாகச் சோதனைகள் காட்டவில்லை. குழந்தைப் பால்மாவு விளம்பரத்தை 1992ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவில் தடை செய்திருப்பது நல்ல காரியம்.

ஐக்யூவைத் தள்ளி வைத்தாலும் தாய்ப்பாலின் மதிப்பு குறையாது. அதே பெலாருஸில், முதல் வருஷத்தில் வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைகள் வழக்கமான பக்கம் 13 சதவீதம், உதவி கிடைத்த பக்கம் 9 சதவீதம். சுத்தமான தண்ணீருக்குத் தவிக்கும் வீடுகளில் இந்த வித்தியாசம் உயிர்ப் பிரச்சினை. பால் கொடுக்கும் தாய்க்கு மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பும் குறைகிறது.

சித்தி மகளிடம் அன்று ராத்திரி இவ்வளவும் சொல்லவில்லை. “அந்த எட்டு குறைமாசப் புள்ளைங்க கணக்கு, உன் புள்ளைக்கு இல்ல” என்று மட்டும் சொன்னேன். நர்ஸ் அக்கா வந்து அவளைச் சாய்த்து உட்காரவைத்து, கையால் பீய்ச்சக் கற்றுக்கொடுத்தார். பாலாடையின் அடியில் மஞ்சளாக ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. முதலில் அதைப் புகட்டினார், பிறகு பவுடர் பாலைக் கலக்கினார். குழந்தை இரண்டையும் குடித்துவிட்டு, வாயோரம் வழிந்ததோடு தூங்கிப்போனாள். ஐந்தாம் நாள் பால் கட்டி மார்பு கனத்தபோது, விடிகாலை நாலு மணிக்கு எனக்குத்தான் முதலில் போன் செய்தாள்.