கம்பியை எந்த உயரத்துல வைக்கணும்? அக்கா சொல்ற டிப்ஸ்

அரசு வேலைக்கான குரூப் 4 பரீட்சைக்குப் படிக்கிற தங்கச்சி தம்பிங்க என்கிட்ட அடிக்கடி சொல்றது, "மோட்டிவேஷனே வர மாட்டேங்குதுக்கா." நான் திருப்பிக் கேக்குறது ஒண்ணுதான்: "இன்னைக்கு எதைப் படிக்க உக்காந்தே?" பாதிப் பேரு "எல்லாத்தையும்தான்"னு சொல்லுவாங்க. கோளாறு அங்கதான் இருக்கு, பாப்பா. முதல்ல ஆர்வம் வரட்டும், அப்பறமா ஆரம்பிக்கலாம்னு காத்திருந்தா வயசுதான் ஏறும். வேலை கொஞ்சம் கைக்கு வந்த பிறகுதான் ஆர்வம் எட்டிப் பாக்கும்.

நம்ம ஓமலூரை அடுத்த பெரியவடகம்பட்டியில பொறந்த உயரம் தாண்டுற வீரர் மாரியப்பன் தங்கவேலு பேரைச் சொல்லி வீட்டுல உன்னை ஏற்கெனவே திட்டியிருப்பாங்க. "கால் நசுங்கின பையனே தங்கம் வாங்கிட்டான், உனக்கு என்ன கேடு?" இந்தப் பேச்சைக் கேட்டு யாரும் புத்தகத்தைத் தொறந்து நான் பாத்ததில்ல. அவரை வெச்சு உன்னைக் குத்திக்காட்டுறதை விட, அவரு ஆடுற ஆட்டத்தைப் பாக்குறது பிரயோசனம்.

1995-ல பொறந்தவரு. அஞ்சு வயசுல பஸ் ஏறி வலது கால் முட்டிக்குக் கீழ நசுங்கிப்போச்சு. அம்மா காய்கறி வித்து வளர்த்தாங்க. ஸ்கூல்ல வாலிபால் ஆடிக்கிட்டு இருந்தவரை உயரம் தாண்டிப் பாக்கச் சொன்னது உடற்கல்வி ஆசிரியர். 14 வயசுல முதல் போட்டி, ஊனம் இல்லாத பசங்களோட. அதுல ரெண்டாவது இடம். 2016 மார்ச்ல துனிசியாவுல 1.78 மீட்டர் தாண்டி ரியோவுக்குத் தகுதி வாங்கினாரு. செப்டம்பர்ல ரியோ பாராலிம்பிக்ல 1.89 மீட்டர், தங்கம்.

இப்ப ஆட்டத்தோட விதியைக் கவனி. எடுத்த எடுப்புல யாரும் 1.89-ல கம்பியை வைக்க மாட்டாங்க. கைக்கு எட்டின உயரத்துல தொடங்கி, தாண்டத் தாண்ட சில சென்டிமீட்டர் ஏத்துவாங்க. ஒவ்வொரு உயரத்துக்கும் மூணு வாய்ப்பு உண்டு. ஜெயிச்சவரு கூட பெரும்பாலும் கடைசியில ஒரு உயரத்துல கம்பியைத் தட்டிவிட்டுட்டுத்தான் வெளிய வருவாரு. 2021-ல நடந்த டோக்கியோ போட்டியில மாரியப்பன் 1.86 தாண்டினாரு. 1.88-ல மூணு தடவையும் தட்டிவிட்டதால வெள்ளி. அதே 1.88-ஐ 2024-ல ஜப்பான் கோபேயில தாண்டி உலக சாம்பியன் ஆனாரு. அந்த வருஷமே பாரிஸ் பாராலிம்பிக்ல 1.85, வெண்கலம். ஏறியும் இறங்கியும்தான் இருக்கு கணக்கு.

ஆல்பர்ட் பண்டூரான்னு ஒரு உளவியலாளர் 1977-ல எழுதினது இதோட அப்படியே பொருந்துது. "இது என்னால முடியும்"ங்கிற நம்பிக்கை இருந்தாத்தான் ஆளு முயற்சியே பண்ணுவான். அந்த நம்பிக்கைக்குப் பலமான ஊற்று, தானே ஒண்ணைச் செஞ்சு முடிச்ச அனுபவம். அடுத்தது, தன்னை மாதிரி ஒருத்தர் செய்யறதைப் பாக்குறது. மத்தவங்க வாயால சொல்ற ஊக்கம் அதுக்கும் பின்னாடிதான். அதனால ரீல்ஸ்ல கத்துறவரைக் கேட்டு ராத்திரி சிலிர்த்தது காலையில காணாமப் போனா அது உன் குத்தம் இல்ல. அதுக்குப் பதிலா, உன் தெருவுலயே தறிச் சத்தத்துக்கு நடுவுல உக்காந்து படிச்சுப் பாஸ் பண்ணின பொண்ணு ஒருத்தி இருப்பா. அவகிட்ட போய், எந்த நேரம் படிச்சே, எந்தப் புத்தகம், எதை விட்டுட்டேன்னு கேளு.

கம்பியை நடுவுல வை

டேவிட் மெக்லேலண்டுங்கிற அமெரிக்கப் பேராசிரியர் குச்சியில வளையம் வீசுற விளையாட்டை வெச்சு ஒண்ணு கண்டாரு. சாதிக்கணும்னு உள்ளுக்குள்ள துடிப்பு இருக்கறவங்க பக்கத்துல நின்னும் வீச மாட்டாங்க, ரொம்பத் தள்ளியும் நிக்க மாட்டாங்க. நடுத்தரமான தூரம்தான் அவங்களுக்குப் பிடிக்கும். பக்கத்துல நின்னா ஜெயிச்ச மாதிரியே இருக்காது. ரொம்பத் தள்ளிப் போனா விழறது அதிர்ஷ்டம். 1960-கள்ல ஆந்திராவுல காக்கிநாடா சிறுதொழில்காரங்களுக்கு இந்த வழியில பயிற்சியே குடுத்தாரு. பயிற்சி எடுத்தவங்க புதுசாத் தொழில் தொடங்குறதுலயும் விரிவாக்குறதுலயும் சுறுசுறுப்பா இருந்தாங்கன்னு 1969-ல புத்தகமும் வந்துச்சு. துடிப்பு பொறப்புலயே வரணும்னு இல்ல, பழக்கிக்கலாம்.

உன் பரீட்சைக்கு இதைப் போட்டுப் பாப்போம். குரூப் 4-ல 200 கேள்வி, 300 மார்க். அதுல தமிழ்ப் பகுதி 100 கேள்வி, 150 மார்க். இங்க 60 எடுத்தாத்தான் அடுத்த பகுதியைத் திருத்துவாங்க. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், அப்படின்னா 40 கேள்வி சரியா இருக்கணும். உன் முதல் கம்பி அந்த 40. வேலை கிடைக்க அது பத்தவே பத்தாது, தெரியும். ஆனா பழைய கேள்வித்தாள்ல 40 தாண்டினவளுக்கு 55 எட்டுற தூரமாத் தெரியும். 55 தாண்டினா 70. "நல்லாப் படிக்கணும்"னு நினைக்கிறதை விட, எண்ணைச் சொல்லி, கொஞ்சம் கடினமாவே இலக்கு வெச்சா வேலை கூடுதலா நடக்குதுன்னு எட்வின் லாக், கேரி லாதம் ரெண்டு பேரும் வருஷக்கணக்கா ஆராய்ஞ்சு சொல்லியிருக்காங்க.

எப்ப, எங்கன்னு எழுதி வை

ஜெர்மனியில பீட்டர் கோல்விட்சர் மாணவர்களை விடுமுறையில ஒரு அறிக்கை எழுதச் சொன்னாரு. சரியா எந்த நேரம், எந்த இடத்துல உக்காந்து எழுதுவேன்னு முன்னாடியே குறிச்சவங்கள்ல பெரும்பாலானவங்க முடிச்சாங்க. குறிக்காதவங்கள்ல மூணுல ஒரு பங்குதான் முடிச்சாங்க. நீயும் "தினமும் படிப்பேன்"னு எழுதாத. "ராத்திரி பாத்திரம் கழுவி வெச்ச உடனே, திண்ணையில, இலக்கணம் ஒரு பாடம்"னு எழுது. வீட்டு வேலை உன் தலையில விழற வீடா இருந்தா, அந்த நேரத்துக்கு உன்னைக் கூப்பிடக் கூடாதுன்னு அம்மாகிட்ட முன்னாலயே பேசி வாங்கிடு. மன உறுதியை விட இது பெரிய வேலை செய்யும்.

பரிசு ஆசை காட்டுறதுல கவனம்

டியூஷன் எடுக்கிற தங்கச்சிங்களுக்கு இது. 1973-ல ஸ்டான்ஃபோர்டுல, படம் வரையறதுல பிரியமா இருந்த சின்னப் பிள்ளைங்கள்ல சில பேருக்கு "வரைஞ்சா சான்றிதழ் தருவேன்"னு சொல்லிக் குடுத்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சுப் பாத்தா, அந்தப் பிள்ளைங்க தானா வரையற நேரம் மத்தவங்களோடதுல பாதிதான். பிடிச்சுச் செய்யறதுக்குக் கூலி பேசினா பிடிப்பு போயிடுது. பிடிக்காத வேலைக்கு இந்தப் பயம் வேண்டாம். நாள் பூரா கொலுசுப் பட்டறையில பத்தவெக்கிறவங்க கூலிக்குத்தான் பத்தவெக்கிறாங்க, அதுல கெட்டுப்போக ஒண்ணும் இல்ல. வாய்ப்பாடு மனப்பாடம் பண்ண மிட்டாய் குடு. கதை படிக்கிற பிள்ளைக்குக் குடுக்காத.

பி.எட். படிச்சிருந்தா, மனுஷனோட தேவைகளை அடுக்கடுக்காக் காட்டுற மாஸ்லோவோட கோபுரப் படத்தை நோட்டுல வரைஞ்சிருப்பே. 1943-ல அவரு எழுதின கட்டுரையில அந்தக் கோபுரமே கிடையாது. ஆனா பசியும் தூக்கமும் முதல்ல தீரணும்னு அவரு சொன்னது நெசம். காலையில சாப்பிடாம கோச்சிங் கிளாஸுக்கு ஓடி, மதியம் கண்ணு சொக்கினா, "எனக்கு ஆர்வமே இல்ல"ன்னு முடிவு கட்டிடாத.

கடைசியா ஒண்ணு. ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கம் வராம, முன்னாடி பிடிச்சது எதுவுமே பிடிக்காம, எந்திரிக்கவே முடியாம கெடந்தா அது மோட்டிவேஷன் பிரச்சினை இல்ல, இந்த டிப்ஸும் உதவாது. சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்கு. கிளம்பிப் போக முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணு. அது அரசோட டெலி மானஸ் எண். ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம், காசு கிடையாது, தமிழ்லயே பேசலாம்.