யுஜிசி அங்கீகாரம் உண்டென்று சொன்னதற்கு ஆதாரம் எங்கே?

கேள்வி: திருப்பூரில் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் எம்பிஏ, யுஜிசி அங்கீகாரம் உண்டு என்று ஒரு தனியார் கம்பெனி போனில் சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். கட்டணம் 2.40 லட்சம், கடன் கம்பெனி மூலம் இஎம்ஐ கட்டுகிறேன். பழைய வீடியோக்களைத்தான் போட்டார்கள். சந்தேகம் கேட்க ஆளில்லை. பதவி உயர்வுக்குச் சான்றிதழைக் கொடுத்தபோது, இது செல்லாது என்று எச்.ஆரில் திருப்பிவிட்டார்கள். ஒன்றரை வருடத்துக்கு மேலாகிவிட்டது. பணம் திரும்பக் கிடைக்குமா? இஎம்ஐயை நிறுத்தலாமா?

– வாசகர், திருப்பூர்

பதில்: வகுப்புகள் மோசம் என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் நிற்பது கடினம். கல்வி என்பது நுகர்வோர் சட்டத்தில் வரும் சேவை அல்ல என்று மகரிஷி தயானந்த் பல்கலைக்கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னதை எதிர்த்தரப்பு முதல் நாளே எடுத்து வைக்கும். ஆனால், இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகக் காட்டி மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரியை, அதே உச்ச நீதிமன்றம் 2009-இல் இழப்பீடு கொடுக்க வைத்தது. உங்கள் வழக்கு நிற்க வேண்டிய இடம் இதுதான்.

யுஜிசி சட்டம் 22-ஆம் பிரிவின்படி, சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமும் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் நாடாளுமன்றம் அதிகாரம் தந்த நிறுவனமுமே பட்டம் வழங்கலாம். யுஜிசியின் 2020 விதிமுறைகளின் கீழ் அனுமதி பெற்ற ஆன்லைன் எம்பிஏ, நேரடி எம்பிஏவுக்குச் சமம். அதைப் படிப்பவர்கள் உங்கள் நிலையைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால், தனியார் கம்பெனிகளோடு கைகோத்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தரும் ஆன்லைன் பட்டங்களை ஏற்க முடியாது என்று 2023 டிசம்பரிலேயே யுஜிசி எச்சரித்துவிட்டது.

நீங்கள் அனுப்பியிருக்கும் ஒரே காகிதம் ரசீது. அதில் 18% ஜிஎஸ்டி போட்டிருக்கிறார்கள். சட்டப்படி அங்கீகாரம் பெற்ற பட்டத்துக்குக் கல்வி நிறுவனம் வாங்கும் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி கிடையாது. தங்களுக்கு அந்தத் தகுதி இல்லை என்பது கம்பெனிக்கே தெரியும் என்று வாதாட இந்த ஒரு வரி உதவும்.

மற்றவை எங்கே? போனை மாற்றியதில் வாட்ஸ்அப் உரையாடல் போய்விட்டது என்கிறீர்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவில்லை. அங்கீகாரம் உண்டு என்று ஒரு வரி மின்னஞ்சலில் கேட்டு வாங்காமல் 2.40 லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். எச்.ஆர். மறுத்ததும் வாய்வார்த்தைதான். பொய் சொல்லிச் சேர்த்தார்கள் என்பதை நிரூபிக்க வேண்டியவர் நீங்கள். பழைய போன் வீட்டில் கிடந்தால் விற்றுவிடாதீர்கள், அழிக்காதீர்கள். மின்னஞ்சலில் சேர்க்கைக் கடிதம், பாடத்திட்டக் கையேடு எது இருந்தாலும் எடுத்து வையுங்கள். எச்.ஆரிடம் மறுப்பை எழுத்தில் கேளுங்கள். மின்னணு ஆதாரத்துக்கு பாரதிய சாட்சிய சட்டம் 63-ஆம் பிரிவின் சான்றிதழும் வேண்டும்.

நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம்தான் கெடு. எச்.ஆர். மறுத்த நாளிலிருந்து நீங்கள் எண்ணுகிறீர்கள். பணம் கட்டிய நாளிலிருந்து எண்ண வேண்டும் என்று கம்பெனி தரப்பு வாதிடலாம். அப்படிக் கெடு தாண்டியிருந்தால், தாமதத்தை மன்னிக்க நியாயமான காரணம் காட்ட வேண்டும். கம்பெனி பதில் போடும் என்று காத்திருந்தேன் என்பது காரணமாகாமல் போகலாம். இவ்வளவு நாள் சும்மா இருந்ததுதான் உங்கள் வழக்கின் பெரிய பலவீனம்.

ஒப்பந்தத்தில் பெங்களூரு நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயம் என்று என்ன எழுதியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது.

இஎம்ஐயை நீங்களாக நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் தனி. சிபில் கெட்டால் நாளைக்கு வீட்டுக் கடனும் கிடைக்காது. கடன் கம்பெனியையும் எதிர்த்தரப்பாகச் சேர்த்து இடைக்கால உத்தரவு கேட்கலாம். கிடைக்கும் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒப்பந்தத்தையும் கடன் பத்திரத்தையும் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல. இந்த வாரமே எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு நுகர்வோர் வழக்கு நடத்தும் வழக்கறிஞர் ஒருவரை நேரில் பாருங்கள். கெடு எந்தத் தேதியில் முடிகிறது என்பதை அவரிடம் முதலில் கேளுங்கள்.